ரெண்டாவது தடவை வராத அம்மை

இந்தப் பக்கம் திரும்பிப் படு கண்ணு. ஊசி போட்ட கை மேல இருக்கட்டும், அழுத்தாதே. பெரியம்மா மெதுவாத் தடவிக்கிட்டே சொல்றேன். நீ ம் கொட்டிக்கிட்டே கேக்கணும். கொட்டலைன்னா நான் நிறுத்திருவேன். சரியா?

ம்.

கடல் தண்ணி வந்து வந்து காஞ்சு உப்பாப் போற ஒரு ஊர்ல, உப்பு வார்ற ஒரு பொண்ணு இருந்தா. பேரு முத்துப்பேச்சி. நீளக் கம்புல பலகை வச்சு, பாத்தியில படிஞ்ச உப்பை சரக்... சரக்...னு இழுத்து வரப்புல குமிச்சு வைப்பா. அவ மொகம் பூராவும் சின்னச் சின்னக் குழியாத் தழும்பு இருக்கும்.

ஏன்னு கேளு. ஆறு வயசுல அவளுக்குப் பெரியம்மை வந்துச்சு. இப்ப அந்த நோய் உலகத்துலயே கெடையாது, நீ பயப்படாதே. அப்ப இருந்துச்சு. மொதல்ல அனலாக் காய்ச்சல். அப்புறம் ஒடம்பு பூரா முத்து முத்தாக் கொப்புளம். அவ அம்மா பக்கத்துலயே உக்காந்து, ஈ மொய்க்காம வேப்பங்கொழையால வீசி வீசிப் பார்த்துக்கிட்டா. புள்ளை பொழச்சுக்கிட்டா. ஆனா அம்மாவுக்குத் தொத்திக்கிச்சு. அம்மா பொழைக்கல.

ம்... ஆமா தங்கம். பாவந்தான்.

அப்பாவும் அதுக்கு முந்தியே இல்ல. அண்ணன் கொம்பையா மட்டுந்தான். அவனுக்கு அப்ப பதினோரு வயசு. அந்த நேரம் அத்தை ஊர்ல இருந்ததால அவனுக்கு அம்மை வரல. திரும்பி வந்து, தங்கச்சியை அவன்தான் வளர்த்தான். சோறு பொங்கக் கத்துக்கிட்டான், தலை பின்னக் கத்துக்கிட்டான். பின்னல் எப்பவும் கோணலாத்தான் வரும். அவ அப்படியேதான் பள்ளிக்கூடம் போவா.

அப்புறம் ரெண்டு பேரும் பெரியவங்க ஆனாங்க. கொம்பையாவுக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி பேரு இசக்கியம்மா. முத்துப்பேச்சிக்கு மைனி. வாய் கொஞ்சம் நீளம், கை அதை விட நீளம். கஞ்சி ஊத்துனா சட்டி வழிய ஊத்துவா.

முத்துப்பேச்சிக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கும்போது, அந்த ஊருக்கு மறுபடியும் பெரியம்மை வந்துச்சு. யாரோ தோணியில வந்தவனோட வந்துச்சுன்னாங்க. ஒரு வீட்டுல காய்ச்சல்னு கேட்டதுமே ஊரே கெளம்பிருச்சு. பாயைச் சுருட்டு, பானையை எடு, வண்டியைக் கட்டு! சல் சல் சல்னு மாட்டு வண்டி ஒண்ணு பின்னால ஒண்ணாப் போகுது.

கொம்பையாவும் வண்டி கட்டிட்டான். இசக்கியம்மாவோட அம்மா ஊருக்குப் போகணும்.

"ஏறு பேச்சி."

அவ ஏறல. பக்கத்து வீட்டைப் பார்த்துக்கிட்டே நிக்கா. உள்ள இருந்து சத்தம் வருது. "தண்ணி... கொஞ்சம் தண்ணி..."

அது ஆவுடையோட சத்தம். ஆவுடை யாருன்னா, முத்துப்பேச்சியோட கோழி வேலியைத் தாண்டுச்சுன்னு தெனமும் சண்டை போடுற பக்கத்து வீட்டுக்காரி. தனியாள்.

"அண்ணே, அவ கூப்புடுதா."

"கூப்புட்டா? அங்க போனா ஒனக்கும் வரும்ளா. ஏறு."

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டே. ரெண்டாவது தடவை வராதும்பாங்க."

"எவன் எழுதிக் குடுத்தான்?"

அப்போ அவளும் ஒரு நிமிசம் யோசிச்சா. யாரும் எழுதிக் குடுக்கலதான். ஆனாலும் மறுபடி அந்தச் சத்தம், "தண்ணி..." அவ குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்துட்டா. கொம்பையா வண்டியில உக்காந்து அழுதுக்கிட்டே போனான்.

ஆவுடைக்குத் தண்ணி குடுத்தா. மடக் மடக்குன்னு குடிச்சுட்டு, ஆவுடை கண்ணைத் தொறந்து பார்த்துச் சொன்னா, "நீயா? ஒன் கோழி எங்க?"

சிரிக்காதே, வாய் தொறந்தா தூக்கம் வராது.

அப்புறம் ரெண்டாவது வீடு, தையக்காரர் வீடு. புருசனும் பொண்டாட்டியும் அம்மையில படுத்துட்டாங்க. அப்புறம் மூணாவது வீடு, ரெண்டு தெரு தள்ளி. அந்த வீட்டுத் தாத்தாவை மட்டும் காப்பாத்த முடியல. அவளும் தெனமும் காலையில எந்திரிச்சதும் மொதல் வேலையா ரெண்டு கையையும் வெளிச்சத்துல நீட்டிப் பார்ப்பா. ஒரு முத்து? இல்ல. ஒரு சூடு? இல்ல. நாப்பது நாள் அப்படியே போச்சு. அவளுக்கு ஒண்ணுமே வரல!

ஊர்க்காரங்க திரும்பி வந்தாங்க. ஆவுடை தெருவுல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னா, "இவளை எந்த நோயும் தொடாது. அந்த அம்மனே வரம் குடுத்துருக்கா." சொல்லச் சொல்ல ஊரே அதை நம்பிருச்சு. கொஞ்ச நாள்ல முத்துப்பேச்சியும் நம்பிட்டா.

ம்.

அப்புறம் ஆறு மாசம் கழிச்சு, அதே தையக்காரர் மகளுக்கு மணல்வாரி வந்துச்சு. மணல்வாரின்னா தட்டம்மை. ஒடம்புல மணலை வாரி எறைச்ச மாதிரி செவப்பாப் பொடிப் பொடியா வரும். முத்துப்பேச்சியைக் கூப்பிட்டாங்க. அவ முந்தானையைச் செருகிக்கிட்டு, "எல்லாரும் நகருங்க, எனக்கு ஒண்ணும் வராது"ன்னு உள்ள போனா. அந்தப் புள்ளையை மடியில போட்டுத் தூங்க வச்சா. அது அவ மூஞ்சிக்கு நேரா ஹச்! ஹச்!னு தும்முச்சு. இவ சிரிச்சா.

பத்து நாள் ஆச்சு. உப்பளத்துல நிக்கும்போது, ஹச்! இப்ப தும்முனது யாரு? முத்துப்பேச்சி! கண்ணு ரெண்டும் செவந்துருச்சு, மூக்கு ஒழுகுது, ஒடம்பு விண் விண்ணுன்னு தெறிக்குது. வீடு வந்து சேரல, தொப்புன்னு விழுந்துட்டா. மூணு நாள் கழிச்சு காதுக்குப் பின்னால ஆரம்பிச்சு கழுத்து, முதுகுன்னு பொடிப் பொடியா மணல்வாரி.

பெரியவங்களுக்கு வந்தா அது பொல்லாதது. இருமுனா நெஞ்சு கிழிஞ்சு போற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. ஆனா அதை விட அவளுக்கு வேற ஒண்ணு வலிச்சுச்சு. சொவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதா.

"மைனி, அம்மன் எம்மேல கோவிச்சுக்கிட்டாளா? குடுத்த வரத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாளா?"

"வரமாவது ஒண்ணாவது. எந்திரிச்சு கஞ்சியைக் குடி."

"தள்ளி நில்லுங்க மைனி! வயித்துல புள்ளை இருக்கு, ஒங்களுக்குத் தொத்திரும்."

இசக்கியம்மா தள்ளி நிக்கல. இன்னும் கிட்ட வந்து உக்காந்து, அவ தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா.

"எனக்கு அஞ்சு வயசுல இது வந்துட்டுப் போயிட்டு. இனி வராது. பெரியம்மை வந்தப்ப நான் வண்டி ஏறி ஓடுனேன், நீ நின்னே. இப்ப மணல்வாரிக்கு நீ படுத்துட்டே, நான் நிக்கேன். இது என்ன வெவகாரம்னு எனக்குத் தெரியாது. நீ வாயைத் தொற."

தொறந்தா. கஞ்சி உள்ள போச்சு. அப்படியே பன்னெண்டு நாள் மடியில வச்சு வச்சுப் பார்த்தா இசக்கியம்மா. முத்துப்பேச்சி எந்திரிச்சு உக்காந்துட்டா. அன்னையிலேர்ந்து வரத்தைப் பத்தி அவ பேச்சே எடுக்கல.

ம்... தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் இசக்கியம்மாவுக்குப் பொம்பளப் புள்ளை பொறந்துச்சு. பவளம்னு பேரு வச்சாங்க. அதுக்கு ஆறு மாசம் ஆனப்ப, ஒரு நாள் காலையில ஒரு மாட்டு வண்டி ஊருக்குள்ள வந்துச்சு. வண்டியில ஒரு அம்மா, வெள்ளைச் சேலை, மடியில ஒரு பானை. பானை நெறைய ஈர மணல். மணலுக்குள்ள சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய். அவங்க பேரு ஞானப்பூ. அம்மை குத்துறவங்க. புள்ளைங்க கையில லேசாக் கீறி மருந்து வச்சா பெரியம்மை வராதுன்னு ஊர் ஊராப் போறவங்க.

கதவெல்லாம் படார் படார்னு சாத்திக்கிச்சு. கொம்பையா என்ன பண்ணான் தெரியுமா? உப்பளத்துக்கு ஓடி, உப்புக் குமியை மூடி வச்சிருந்த ஓலைக்குள்ள நொழைஞ்சுக்கிட்டான்! அம்மைங்கிற பேரைக் கேட்டாலே அவன் ஓட்டந்தான்.

இசக்கியம்மா வாசலை மறிச்சுக்கிட்டு நின்னா. "அம்மையை ஒடம்புக்குள்ள குத்தி அனுப்புததா? இது எந்த ஊரு ஞாயம்?"

ஞானப்பூ கோவப்படல. எத்தனையோ வாசல்ல நின்னவங்க. ஆனா முத்துப்பேச்சி மொகத்தைப் பார்த்ததும் வண்டியை விட்டு எறங்கிட்டாங்க. "ஒனக்கு வந்துட்டுப் போயிருக்கு, இல்லையாம்மா? அப்புறம் மறுபடி வந்துச்சா?"

"வரலம்மா. நாப்பது நாள் அதுக்குள்ளேயே கெடந்தேன், வரல. ஆனா மணல்வாரி வந்துட்டு. அது ஏம்மா? அது மட்டும் எனக்குப் புரியவே இல்ல."

அப்போ ஞானப்பூ அங்கேயே படியில உக்காந்து சொன்னாங்க. "நம்ம ஒவ்வொருத்தர் ஒடம்புக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத காவக்காரங்க கோடிக்கணக்குல இருக்காங்க. ஆனா ஒருத்தனுக்கு ஒரே ஒரு நோயைத்தான் அடையாளம் தெரியும். புதுசா ஒரு நோய் வந்தா, அதைத் தெரிஞ்சவன் எங்க இருக்கான்னு தேடிக் கண்டுபிடிக்கணும். அவன் ஒருத்தன் பத்தாகி, பத்து ஆயிரமாகி, அப்புறந்தான் சண்டை. அதுக்குப் பத்து நாள் ஓடிரும். அதுக்குள்ள நோய் ஆளைப் பொரட்டிப் போட்டுரும். ஆனா சண்டை முடிஞ்சதும் அவங்க எல்லாரும் கலைஞ்சு போறதில்ல. கொஞ்சப் பேரு அங்கேயே தங்கிருவாங்க. அதே நோய் மறுபடி வந்தா, வாசல்லயே பிடிச்சுருவாங்க. ஒன்கிட்ட பெரியம்மைக்கு ஆளு இருந்தாங்க. மணல்வாரிக்கு இல்ல. இப்ப அதுக்கும் இருக்காங்க."

இசக்கியம்மா வாசலை விட்டு ஒரு அடி நகந்தா. "அப்ப... எனக்கு மணல்வாரிக்கு மட்டும் ஆளு இருக்கு."

"ஆமாம்மா."

"எம்புள்ளைக்குப் பெரியம்மைக்கு ஒருத்தரும் இல்ல."

"இல்லம்மா. அதுக்குத்தான் வந்தேன். இந்தக் குழாயில இருக்கிறது பெரியம்மை இல்ல. மாட்டுக்கு வர்ற அம்மை. அக்கா ஜாடையில தங்கச்சி இருப்பாள்ல, அந்த மாதிரி. கெடுதி ரொம்பக் கொறைவு. ஆனா காவக்காரங்க இவளைப் பார்த்து வச்சுக்கிட்டா அக்காவையும் அடையாளம் கண்டுபிடிச்சுருவாங்க."

இசக்கியம்மா இன்னும் புள்ளையைக் குடுக்கல. அப்போ முத்துப்பேச்சி சொன்னா, "மைனி, நான் பட்டுத்தான் இது எனக்குக் கெடச்சுச்சு. எங்கம்மா போயித்தான் கெடச்சுச்சு. பவளம் அப்படிப் படாண்டாம். எனக்கும் குத்தச் சொல்லுதேன். ரெண்டு பேரு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

சரின்னுட்டா. நறுக் நறுக்குன்னு லேசான கீறல். முத்துப்பேச்சிக்கு ஒண்ணு, பவளத்துக்கு ஒண்ணு. பவளம் வீல்னு கத்துச்சு. இசக்கியம்மாவும் கண்ணை மூடிக்கிட்டு தன் கையை நீட்டிட்டா.

ம்.

மூணாவது நாள். முத்துப்பேச்சி கையில செவப்பா அரிச்சுச்சு, அப்புறம் அதுவா அடங்கிருச்சு. அவ்வளவுதான். பவளம் கையில ஒண்ணுமே இல்ல. அஞ்சாவது நாள் பவளம் கையில ஒரு செவப்பு, இசக்கியம்மா கையிலயும் அதே மாதிரி. எட்டாவது நாள் பவளத்துக்கு அந்த எடத்துல முத்து மாதிரி ஒரே ஒரு கொப்புளம், சுத்தி வீக்கம், காய்ச்சல். புள்ளை பாலு குடிக்கல.

இசக்கியம்மாவுக்குக் கைகால் ஓடல. "இப்ப என்னளா சொல்லுதே? எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

முத்துப்பேச்சிக்குந்தான் பயம். புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. "பாப்பாவோட ஆளுங்க இப்பத்தான் மொதத் தடவையாப் படிக்காங்க மைனி. என்னோட ஆளுங்க படிச்சு முடிச்சவங்க, அதான் மூணு நாள்ல அடங்கிட்டு." பத்தாவது நாள் காய்ச்சல் எறங்கிருச்சு. புள்ளை பாலு குடிச்சுச்சு. இசக்கியம்மா முத்துப்பேச்சி தட்டுல ரெண்டு கரண்டி மீன் கொழம்பு கூட ஊத்துனா.

அடுத்த சித்திரையில, கொம்பையாவுக்கு அனலாக் காய்ச்சல் வந்துச்சு.

ஆமா கண்ணு, அதேதான். ஓலைக்குள்ள ஒளிஞ்சவனைப் பெரியம்மை தேடிப் பிடிச்சுருச்சு. மொகத்துல மொத முத்து தெரிஞ்சதும் அவன் என்ன செஞ்சான்? வீட்டுக்குள்ள வரல. உப்பளத்துக் கொட்டகைக்குள்ள போயி உள்தாப்பா போட்டுக்கிட்டான்.

முத்துப்பேச்சி போயி டம் டம்னு தட்டுனா. "அண்ணே, தொற."

"போயிரு பேச்சி. அம்மா அப்படித்தான் போனா. ஒன்னையப் பாத்தா, ஒன்னையப் பொழைக்க வச்சா, அவ போயிட்டா. என்னையப் பாத்துட்டு ஒருத்தரும் போகாண்டாம்."

இத்தனை வருசமும் அவன் அதைச் சொன்னதே இல்ல. அவ கதவுல நெத்தியை வச்சா. அப்புறம் சொன்னா, "அம்மாகிட்ட காவக்காரன் இல்ல அண்ணே. அவ வெறும் கையோட ஒக்காந்து பாத்தா. என்கிட்ட இருக்கான். மைனிக்கும் குத்தியாச்சு. நாங்க போக மாட்டோம். தொறக்கியா, கூரையைப் பிச்சுக்கிட்டு எறங்கட்டுமா?"

அப்புறம்... கடக். தாப்பா தொறந்துச்சு.

ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. பவளத்தை மட்டும் உள்ள விடல. மருந்து குத்தியிருந்தாலும், யாருக்கு மனசு வரும்? ஆவுடை வீட்டுல விட்டுருந்தாங்க. ஆனா பவளந்தான் இப்ப நடக்குமே! அப்பாவைக் காணோம்னு தேடுச்சு. மூணாவது நாள் பகல்ல ஆவுடை கோழியை வெரட்டப் போன நேரம் பார்த்து, தத்தக்கா பித்தக்கான்னு வரப்போட வந்து, கொட்டகைக்குள்ள நொழைஞ்சு, அப்பா மேல ஏறிப் படுத்துக்கிச்சு. கொப்புளம் மொளைச்ச மொகத்துல கன்னத்தை வச்சுக்கிட்டு!

"எடுங்க! புள்ளையை எடுங்க!" அவனால கையைத் தூக்கக்கூட முடியல. இசக்கியம்மா "ஐயோ"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்து வாரி எடுத்தா. தேய்ச்சுக் குளிப்பாட்டுனா. தொட்டது தொட்டாச்சு, என்ன செய்ய?

நாலு நாள் கழிச்சு ஞானப்பூ வந்தாங்க. இசக்கியம்மா கும்பிட்டுக் கேட்டா, "வராதுன்னு சொல்லுங்கம்மா."

"வராதுன்னுதாம்மா நம்புறேன். ஆனா புள்ளை தொட்ட நாள்லேர்ந்து பதினாலு நாள் போகட்டும்."

பதினாலு நாள்! காலையில விடிஞ்சதும் முத்துப்பேச்சி புள்ளையை வெயில்ல நிறுத்தி, உச்சந்தலையிலேர்ந்து கால் வெரல் வரைக்கும் ஒவ்வொரு எடமாப் பார்ப்பா. அஞ்சு நாள், ஒண்ணுமில்ல. ஒம்பது நாள், ஒண்ணுமில்ல. கொட்டகையில கொம்பையா தெனமும் கேக்குறது ஒரே கேள்விதான், "பாப்பா?" "நல்லா இருக்கா." அப்புறந்தான் அவன் கஞ்சி குடிப்பான்.

பன்னெண்டாவது நாள். தாடைக்குக் கீழ ஒரு செவப்புப் புள்ளி.

அதை முத்துப்பேச்சி மட்டுந்தான் பார்த்தா. மைனிகிட்ட சொல்லல. கொட்டகைக்குப் போனா. "பாப்பா?"ன்னான் அண்ணன். "நல்லா இருக்கா"ன்னா. அப்படிச் சொல்லிட்டு வெளிய வந்து, வரப்புல ஒக்காந்துட்டா. அன்னைக்குப் பூரா புள்ளையை எறக்கி விடவே இல்ல. நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா. சாயங்காலமா அந்தப் புள்ளியை ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை பார்த்தா. பெருசாகல. நெத்தி சுடல. பவளம் வெரலால அதைச் சொறிஞ்சுச்சு. அப்போதான் அவளுக்கு வெளங்குச்சு. கொசுக்கடி! வெறும் கொசுக்கடி! அவ சிரிச்ச சிரிப்புல பவளம் பயந்து போயி அழுதுருச்சு.

பதிமூணு. பதினாலு. பதினாலாம் நாள் காலையில புள்ளை ஒடம்பு உப்பு மாதிரி சுத்தமா இருந்துச்சு. கொம்பையாவுக்கும் காய்ஞ்ச பொருக்கெல்லாம் உதுந்து, மெதுவா எந்திரிச்சுச் சொவரைப் பிடிச்சு நின்னான். வெளிய இருந்தே முத்துப்பேச்சி சொன்னா, "அண்ணே, நாளு தாண்டியாச்சு. ஒன் மகளுக்கு ஒண்ணுமில்ல." அவன் அப்படியே சொவரோட சரிஞ்சு உக்காந்து, சத்தம் போட்டு அழுதான்.

அப்புறம் ஞானப்பூ பார்த்துட்டு, சொகமாயிட்டான்னு சொன்னப்புறம், அவனைக் குளிப்பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மணி பகல் பதினொண்ணு இருக்கும். உப்பளத்துக்குப் போகணும், அடுப்புப் பத்த வைக்கணும், வேலை கெடக்கு. ஆனா இத்தனை நாளும் ஒருத்தரும் ஒழுங்காத் தூங்கலையே. கொம்பையா பாயில சாஞ்சான். பவளம் போயி அவன் வயித்து மேல ஏறிப் படுத்துச்சு. இந்தத் தடவை யாரும் எடுக்கல. இசக்கியம்மா அரிசி களைஞ்சவ, சட்டியை அப்படியே வச்சுட்டு, ஓரமாக் கையைத் தலைக்கு வச்சுப் படுத்துட்டா. முத்துப்பேச்சி மட்டும் கொஞ்ச நேரம் மூணு பேரையும் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா. புர்... புர்...னு கொறட்டை. அவளுக்கும் கண்ணு சொருகுச்சு. கதவைச் சாத்திட்டு, மைனி முதுகுல மொகத்தை வச்சுத் தூங்கிட்டா.

அந்த வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு, கதையும் படுத்துருச்சு. எங்கண்ணும் தூங்கு.